சுரண்டிய இடம்

அக்கா உயிரோடு இருந்த கடைசி மூன்று வருஷங்களில் எங்கள் வீட்டுக்குத் திங்கள், புதன், வெள்ளி என்று மூன்று கிழமைகள்தாம் இருந்தன. மற்றவை அவற்றுக்கு நடுவே சும்மா வந்து போயின. அந்த மூன்று நாட்களிலும் விடிகாலை ஐந்தே காலுக்கு அத்தான் காரில் ஏறிச் சாவியைத் திருப்புவார். பின்னறையில் விழித்துக் கிடக்கும் நான் அசையாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். எஞ்சின் பிடித்துவிட்டால் எழுந்து பல் தேய்க்கப் போவேன். ‘டக்’ என்று ஒற்றைச் சத்தம் வந்து நின்றுபோனால் சட்டையைத் தேடுவேன்.

அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் காலை ஆறு மணிப் படுக்கையை அவளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். நாலு மணி நேரம் ரத்தம் ஒரு குழாயில் வெளியே போய், மெஷினில் சுத்தமாகி, இன்னொரு குழாயில் உள்ளே வரும். ஆறே காலைத் தாண்டிப் போனால் படுக்கையை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். பிறகு யாராவது வராமல் போனால்தான் இடம். ஒரு தடவை அப்படிச் சாயங்காலம் வரைக்கும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அன்று வீட்டுக்குத் திரும்பியபோது அவள் முகம் பாலில் ஊறிய ரொட்டி மாதிரி உப்பியிருந்தது.

வாடகைக் காரில் போகலாமே என்று கேட்காதவர்கள் இல்லை. போனோம். திரும்பி வரும் வழியில் அவளுக்குக் கட்டாயம் வாந்தி வரும். இரண்டாவது தடவையே டிரைவர் ஓரமாக நிறுத்தி, பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, “அம்மா, நீங்க இங்கயே இறங்கிக்கிட்டா நல்லாயிருக்கும்” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அக்கா இறங்கினாள். தன் துண்டாலேயே சீட்டைத் துடைத்துக் கொடுத்துவிட்டு நடைபாதையில் உட்கார்ந்தாள்.

“இனிமே நம்ம வண்டியில மட்டுந்தான். இல்லேன்னா நான் வரல” என்றாள்.

நம்ம வண்டியின் லட்சணம் எங்களுக்குத்தான் தெரியும். அத்தான் பெயிண்டர். வீடுகள், பள்ளிக்கூடங்கள், கேட்டுகள், கிராதிகள் என்று முப்பத்தைந்து வருஷம் அடித்தவர். சாரத்திலிருந்து விழுந்ததில் இடது முழங்கால் சரியாக மடங்காது. கிளட்ச் மிதிக்க ஆகாது. அதனால், தான் வேலை செய்த ஒரு பெரிய வீட்டில் ஓரமாக நின்றுகொண்டிருந்த பழைய ஆட்டோமேட்டிக் காரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டே மிதி, இடது காலுக்கு வேலை இல்லை. ஒரே ஒரு சங்கடம், அந்த மாதிரி வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. இதை எதிர்வீட்டுத் தையல்காரருக்கு யாராலும் புரியவைக்க முடியவில்லை. ‘டக்’ சத்தம் கேட்ட மறுநிமிஷம் பனியனோடு ஓடி வந்து நிற்பார்.

“தள்ளவா?”

“தள்ளி எடுக்கிற வண்டி இல்லீங்க இது” என்பார் அத்தான்.

“போன தடவையும் இதையேதான் சொன்னீங்க.”

“போன தடவையும் இதே வண்டிதாங்க.”

“நாலு பேரு சேர்ந்து தள்ளினா எடுக்காத வண்டி உலகத்துல ஏது?”

“நாலு பேரு தள்ளினா ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் தள்ளிக்கிட்டேதான் போகணும்.”

அக்கா கண்ணாடியை இறக்கி, “அண்ணே, போன மாசம் குடுத்த தலையணை உறையை மொதல்ல தைச்சுத் தள்ளுங்க, அது போதும்” என்பாள். அவர் சிரித்துக்கொண்டே நிற்பார். போகவும் மாட்டார். அத்தான் இறங்கி, பானெட்டைத் திறந்து, ஸ்பானரால் ஸ்டார்ட்டர் மோட்டாரின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டுவார். திரும்ப ஏறுவார். திருப்புவார். டக். இறங்குவார். ஏழாவது, எட்டாவது தடவை ஏதோ நினைத்துக்கொண்ட மாதிரி எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அதற்குள் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவனாக இருந்தவன். மனைவி போன பிறகு, “ஒத்த ஆளுக்கு எதுக்குடா தனி அடுப்பு?” என்று அக்காதான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வந்தவனுக்கு அவளுக்குச் சமைப்பதே வேலையாயிற்று. அவளுக்குப் பொட்டாசியம் ஆகாதென்பதால் உருளைக்கிழங்கை நறுக்கி, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, திரும்பவும் வேகவைக்க வேண்டும். அப்படிச் செய்தால் அதில் ருசி என்று ஒன்றும் மிச்சமிருக்காது. “இதுக்குச் சுண்ணாம்பைக் கரைச்சுக் குடுத்திருக்கலாம்” என்பாள். “அது அத்தான் டிபார்ட்மென்ட்டு” என்பேன்.

எங்களுக்கு வாய்த்த மெக்கானிக்குக்கு இடது காது கேட்காது. பட்டறை இருக்கும் தெருவில் எல்லோருக்கும் அவர் ஒத்தக்காதுதான். போனை எடுத்தாலும் அவரே, “ஒத்தக்காது பேசறேன்” என்பார். ஒரு நீளமான திருப்புளியின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியை நல்ல காதில் வைத்துக் கேட்பார்.

முதல் தடவை, பேட்டரி என்றார். பழைய பேட்டரி, சந்தேகப்பட வேண்டியதுதான். மாற்றினார். மூன்று வாரம் ஒழுங்காக ஓடியது. இரண்டாவது தடவை மோட்டாரைக் கழற்றி, தேய்ந்துபோன கார்பன் பிரஷ்ஷை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பார்க்கவே பரிதாபமாக இருந்தது. புதிது போட்டார். ஐந்து வாரம். மூன்றாவது தடவை அவர் வந்தபோது அத்தானின் குரலில் களைப்பு மட்டுமே இருந்தது.

“அண்ணே, ஒரே ஒரு டக்கா, டக்கு டக்கு டக்குனு நெறைய வருதா?”

“ஒண்ணுதான்.”

“அப்ப விளக்கு மங்குதா?”

“மங்கல. பிரகாசமா எரியுது.”

“அப்ப பேட்டரி இல்ல.”

“நீதானப்பா பேட்டரின்னு சொல்லி மாத்தின.”

“அப்ப அது பேட்டரிண்ணே. இப்ப இது இல்ல.”

“இப்ப இது என்ன?”

“மோட்டார் தலையில ஒரு சுவிட்ச்சு உக்காந்திருக்கில்ல, அதுவா இருக்கும்.”

“இருக்குமா, இருக்கா?”

ஒத்தக்காது தன் கேட்காத காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு வேலையைப் பார்த்தார். சுவிட்சையும் மாற்றினார். நாலு வாரம் ஓடியது. ஒவ்வொரு வைத்தியமும் பலித்ததுதான் எங்களைச் சுற்றிச் சுற்றி வரவைத்தது. ஒன்றாவது பலிக்காமல் போயிருந்தால் அப்போதே வேறு இடத்தில் தேடியிருப்போம்.

நாலாவது தடவை நின்றது ஒரு திங்கட்கிழமை. பதினோராவது திருப்பலில் எடுத்து, ஆறு பதின்மூன்றுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மறுநாள் ஒத்தக்காது வந்தார். அத்தான் ஒரு பள்ளிக்கூடத்து ஜன்னல்களுக்குப் பெயிண்ட் அடிக்கப் போயிருந்தார். சாவி திருப்ப ஆள் வேண்டுமென்றதும் அக்காவே வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நின்றேன்.

“அக்கா, திருப்பி அப்படியே புடிச்சுக்கங்க.”

டக்.

“விடுங்க. இன்னொருக்கா. புடிங்க. விடாதீங்க.”

“டேய், ஏதோ கருகுற வாசனை வருதுடா” என்றாள் அக்கா என்னிடம். “காலுக்கிட்ட சூடா இருக்கு.”

ஒத்தக்காது கதவைத் திறந்து, ஆக்சிலேட்டர் மிதியிலிருந்து மேலே போகும் ஒல்லிக் கம்பியைத் தொட்டார். தொட்ட வேகத்தில் கையை எடுத்து உதறினார்.

“இது ஏன்க்கா சுடுது?”

“என்னைக் கேட்டா? நான் என்ன அடுப்பா மூட்டினேன்?”

அவர் அப்படியே தரையில் குந்தி உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சொல்வது போலத் தனக்கே சொல்லிக்கொண்டார். “பேட்டரியில இருந்து கெளம்புற கரண்டு மோட்டாரைச் சுத்திட்டுத் திரும்பி வந்தாகணும் சார். வர்றதுக்கு ஒரு வழி வேணும். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு பட்டைக் கம்பி இருக்கு, அதான் வழி. அது அடைச்சிருக்கு. அதனால இந்த ஊசிக் கம்பி வழியா முண்டியடிச்சுட்டு வருது. மோட்டார் மேல தப்பே இல்ல. பாவம், அதைப் போய் ரெண்டு தடவை கழட்டிப் போட்டு...”

ஒரு தடித்த ஒயரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் உடம்பிலும் மாட்டினார். “இப்பத் திருப்புங்க.”

அக்கா எதிர்பார்ப்பதற்கு முன்னாலேயே எஞ்சின் பிடித்தது. “அய்யோ!” என்று கத்திவிட்டுச் சிரித்தாள்.

பட்டைக் கம்பி பேட்டரித் தட்டுக்கு ஓரமாக ஒரு போல்ட்டில் மாட்டியிருந்தது. அதைக் கழற்றினார். அடியில், கம்பி படிந்திருந்த இடத்தில், வெளிர்சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று பெயிண்ட்.

“இங்க யாரு பெயிண்ட் அடிச்சது?”

எங்கள் இருவருக்கும் தெரியும். அக்காவுக்கு வைத்தியம் தொடங்கிய மாதம், அத்தான் ஒரு வாரம் வேலைக்குப் போகாமல் எஞ்சின் இருக்கும் குழியை முழுக்கக் கழுவி, துருவைச் சுரண்டி, செம்பிரைமர் போட்டு, சாம்பல் எனாமல் இரண்டு கோட்டு அடித்திருந்தார். “நீ இனிமே இதுலதான் போகப் போற. உள்ள துரு புடிச்சுக் கெடந்தா எனக்கே ஒரு மாதிரியா இருக்கும்” என்று அவளிடம் சொன்னார். யாரும் திறந்து பார்க்காத இடம்.

ஒத்தக்காது அந்தப் பெயிண்டை விரலால் தடவினார். “சோம்பேறிப் பெயிண்டரா இருந்தா போல்ட்டைக் கழட்டாம சுத்தி இழுத்துட்டுப் போயிருப்பான். வண்டி ஓடியிருக்கும். இவரு கழட்டி, அடியில பிரைமர் போட்டு, ரெண்டு கோட்டு அடிச்சு, காயவெச்சு மாட்டியிருக்காரு. பெயிண்ட்டுக்குள்ள கரண்டு போகாதேக்கா.” பிறகு தலையில் அடித்துக்கொண்டார். “பேட்டரியை எடுக்கணும்னாலும் மோட்டாரை எடுக்கணும்னாலும் இந்தப் போல்ட்டைக் கழட்டித்தான் ஆகணும். திரும்ப இறுக்கும்போது மரை பெயிண்ட்டை லேசாக் கடிச்சு இரும்பைத் தொட்டுக்கும். கொஞ்ச நாள் ஓடும். ஒவ்வொரு தடவையும் நானே சரி பண்ணிட்டு நானே ஏமாந்திருக்கேன்.”

எமரித் தாளால் கட்டைவிரல் அகலத்துக்குத் தேய்த்தார். பளிச்சென்று வெள்ளைத் தகடு தெரிந்தது. கம்பியை வைத்து இறுக்கினார்.

“அவர்கிட்டச் சொல்ல வேண்டாம்” என்றாள் அக்கா.

“ஏன்க்கா? கேட்டா சிரிச்சுட்டுப் போவாரு.”

“சிரிக்க மாட்டார். என் உடம்புக்கு அவரால ஒண்ணும் பண்ண முடியல. இது ஒண்ணுதான் உருப்படியாப் பண்ணினோம்னு நெனச்சிட்டிருக்கார். கம்பி பழசு, மாத்திட்டேன்னு சொல்லிடுங்க.”

ஒத்தக்காது என்னைப் பார்த்தார். பிழையைக் கண்டால் ஓரத்தில் கோடு போட்டுக் காட்டியே நாற்பது வருஷம் சாப்பிட்டவன் நான். அன்று போல்ட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்று மாதம் வண்டி ஒரு சொல் பேசவில்லை. ஐந்தே காலுக்குத் திருப்பியதும் எடுக்கும். தையல்காரருக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம். அத்தான் ஒத்தக்காதைப் பார்க்கும்போதெல்லாம், “கம்பியில வந்து நிக்கும்னு யாரு கண்டா!” என்பார். ஒத்தக்காது வேறெங்கோ பார்ப்பார்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அத்தான் பானெட்டைத் திறந்து வைத்து உள்ளே குனிந்திருந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டர்பன்டைன் வாசனை வந்தது. அவர் உடம்பிலிருந்து எப்போதும் வரும் வாசனை அது. ஏதோ துடைக்கிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் திங்கள். சனி, ஞாயிறு இரண்டு நாள் இடைவெளி விழுவதால் திங்கட்கிழமைதான் அக்காவுக்கு மோசமான நாள். படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரவைக் கழித்திருந்தாள். கணுக்கால்கள் செருப்புக்குள் நுழையவில்லை. மழை சீராகப் பெய்துகொண்டிருந்தது. அத்தான் குடை பிடித்து அவளை முன்சீட்டில் ஏற்றினார். சுற்றி வந்து ஏறினார்.

டக்.

டக். டக்.

தையல்காரர் குடையோடு ஓடி வந்தார். “தள்ளவா?” என்றவர் அவள் முகத்தைப் பார்த்ததும் குடையை அக்கா பக்கத்து ஜன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றார். நான் போன் செய்து பத்து நிமிஷத்தில் ஒத்தக்காது மழைக்கோட்டோடு பைக்கில் வந்துவிட்டார். பானெட்டைத் தூக்கினார். டார்ச் அடித்தார். பட்டைக் கம்பியின் தலை, போல்ட், சுற்றியுள்ள தகடு எல்லாம் புதுச் சாம்பல் நிறத்தில் ஈரம்போல மின்னின.

“அண்ணே, இது...”

“நான்தான். நீ சுரண்டிப் போட்டுட்டு அப்படியே விட்டுட்டுப் போயிருந்த. வட்டமாத் துரு ஏற ஆரம்பிச்சிருச்சு. மழையில தின்னுடும். அதான் கழட்டி, எமரி போட்டு, பிரைமர் வெச்சு, மரையெல்லாம் வுடாம அடிச்சேன்.” அந்த அவசரத்திலும் அவர் குரலில் வேலை சுத்தமாக முடிந்த திருப்தி இருந்தது.

ஒத்தக்காது ஒயரை எடுத்து பேட்டரிக்கும் எஞ்சினுக்கும் மாட்டினார். “திருப்புங்கண்ணே.” எடுத்தது. அத்தான் இறங்கி வந்து, அந்த ஒயரையும் தன் பெயிண்டையும் மாறி மாறிப் பார்த்தார். நடந்ததைச் சேர்த்துப் பார்க்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

“பெயிண்ட்டா?”

“ஆமாண்ணே.”

“போன தடவையும்?”

“மொதல்ல இருந்தே.”

“மச்சான், உங்களுக்குத் தெரியுமா?”

நான் தலையாட்டினேன். மழைத் தண்ணீர் என் கண்ணாடியில் வழிந்தது; துடைக்கவில்லை.

“நான்தான் சொல்ல வேண்டாம்னேன்” என்றாள் அக்கா உள்ளே இருந்து. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. “உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு.”

அத்தான் அவள் பக்கத்துக் கதவைத் திறந்தார். அவர் கோபப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை.

“குறை சொன்னா பெயிண்டருக்கு என்ன ஆயிடும்? சுரண்டிட்டுத் திரும்ப அடிப்பான். ஊரான் வீட்டுல முப்பத்தஞ்சு வருஷமா அதைத்தான செய்யறேன்? அங்க திட்டு, இங்க வழியுது, இந்தச் செவுரு மேடா இருக்குன்னு எவன் எவனோ சொல்றான். கேட்டுக்கிட்டுத்தான நிக்கறேன்? நீ ஒருத்தி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இன்னிக்கு நீ இப்படி மூச்சுக்குத் தவிக்கிற, அது நான் அடிச்ச பெயிண்ட்டால. இது எனக்குக் கஷ்டமா இல்லையா?”

“உங்களுக்காக மட்டும் இல்லீங்க” என்றாள்.

“வேற என்ன?”

ஒத்தக்காது நல்ல காதைப் பானெட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். தையல்காரர் குடையைப் பிடித்தபடி தெருவைப் பார்த்தார்.

“ஒவ்வொரு தடவையும் இது டக்குனு நிக்கும்போது எனக்கு ஒரு நிம்மதிங்க. இன்னிக்கு ஸ்கூல் லீவுன்னு சொன்ன மாதிரி. நீங்க வெளிய வேர்த்துக் கொட்டிட்டு நிப்பீங்க. நான் உள்ள உக்காந்து, எடுக்கக் கூடாது, எடுக்கக் கூடாதுன்னு நெனச்சிட்டிருப்பேன். அப்புறம் எடுத்துடும். கோளாறு என்னன்னு தெரிஞ்ச அன்னிக்கு நான் சிரிச்சேன். ஆனா உள்ளுக்குள்ள ஏமாத்தமா இருந்துச்சு. இதை எப்படி உங்ககிட்டச் சொல்றது?”

அத்தான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. மணி ஆறாகப் பத்து நிமிஷம் இருக்கும். எனக்கு அவசரம்.

“போலாமா?” என்று கேட்டார். எத்தனையோ நூறு தடவை அவர் சொன்ன சொல்தான். அதுவரை அது கேள்வியாக இருந்ததில்லை.

“மூச்சு முட்டுது” என்றாள். “இன்னிக்குப் போலாம்.”

ஒத்தக்காது ஒயரை உள்ளேயே இழுத்துக் கட்டி பானெட்டை மூடினார். “இப்படியே போய்ட்டு வாங்க. வந்து சுரண்டிக்கலாம்.” ஆறு பதினெட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அன்றைக்கு யாரோ வராமல் போனதால் ஒன்பது மணிக்குப் படுக்கை கிடைத்தது.

சாயங்காலம் அத்தானே உட்கார்ந்து அந்த இடத்தைச் சுரண்டினார். நான் டார்ச் பிடிக்கப் போனேன். வேண்டாமென்று கையைக் காட்டினார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், “மச்சான், உப்பு கம்மி” என்றார். அதோடு சரியாயிற்று.

அதற்குப் பிறகு பதினோரு மாதம் அந்த வண்டி ஒரு நாள்கூட நிற்கவில்லை. ஆனால் சாவியைத் திருப்புவதற்கு முன்னால் அத்தான் ஒவ்வொரு நாளும் கேட்டார். பின்னறையில் நான் இப்போது எஞ்சினுக்காகக் காத்திருக்கவில்லை. அதற்கு முந்தின பதிலுக்காகக் காத்திருந்தேன். “போலாம்” என்பாள். சில நாள், “போய்த் தொலைப்போம், வேறென்ன பண்றது” என்பாள். ஒரு நாள், “நீங்க வேணா எனக்குப் பதிலாப் படுத்துக்கங்களேன்” என்றாள். அவர், “ஊசி போடுவாங்களே” என்றார். இரண்டு பேரும் சிரிப்பது கேட்டது. அவளுக்குக் கையில் ஊசி குத்த இடமில்லாமல் போய், கழுத்தில் குழாய் வைத்தார்கள். பிறகு அதுவும் சீழ் பிடித்தது. திரும்ப வேறு பக்கம் வைத்தார்கள். எடை குறைந்துகொண்டே வந்தாள். அத்தான் ஒற்றைக் கையால் தூக்கி சீட்டில் உட்கார வைப்பார்.

ஒரு புதன்கிழமை வழக்கம்போலக் கேட்டார். பதில் வரவில்லை. நான் எழுந்து வாசலுக்கு வந்தேன்.

“இன்னிக்கு வேண்டாங்க” என்றாள்.

“சரி. வெள்ளிக்கிழமை?”

அவள் அவர் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

அவர் கொஞ்ச நேரம் முன்கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மடங்காத காலை இழுத்தபடி சுற்றி வந்து, அவள் பக்கத்துக் கதவைத் திறந்தார். இரண்டு பேரும் என்னைத் தாண்டி வீட்டுக்குள் போனார்கள்.

ஆறு மணிக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன், காத்திருக்கும் யாருக்காவது அந்தப் படுக்கையைக் கொடுக்கட்டும் என்று. எடுத்த நர்ஸுக்கு என் குரல் தெரியும்.

“என்ன சார், வண்டி மறுபடியும் மக்கர் பண்ணுதா?”

“இல்லம்மா” என்றேன். “வண்டி நல்லா இருக்கு.”